அவள் சொன்னது வேறு

நவமணியைத் தேடிக் கண்டுபிடித்தவள் புஷ்பவள்ளிதான். வேறு யாராவது கூட்டிவந்து நிறுத்திய சாட்சியாக இருந்திருந்தால் பின்னால் கொஞ்சமாவது ஆறுதல் இருந்திருக்கும். இவளே போய், இவளே பேசி, இவளே கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றாம் வருஷம் அது. தோட்டத்துப் பெண்களைப் பிரசவத்துக்கு முன்னால் ஒரு மாதமும் பின்னால் ஒரு மாதமும் வேலைக்கு இறக்கக் கூடாது, அந்த நாட்களுக்குப் பாதிக் கூலி தர வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவர அரசாங்கம் யோசித்துக்கொண்டிருந்தது. சட்டசபையிலிருந்து மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு பினாங்குக்கு வந்து இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாரையும் கேட்கும் என்று அறிவிப்பு வந்தது. தோட்ட முதலாளிகளுக்கு வக்கீல் இருந்தார். தொழிலாளிகள் பக்கம் பேச பினாங்குத் தமிழர் நன்மைச் சங்கத்தை விட்டால் வேறு நாதி இல்லை.

சங்கத்துக்குத் தலைவர் பினாங் ஸ்திரீட்டில் வட்டிக்கடைக் கிட்டங்கி வைத்திருந்த அடைக்கப்பன் செட்டியார். நிர்வாகக் குழுவில் ஒன்பது ஆண்கள். பத்தாவது ஆள் புஷ்பவள்ளி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வயது முப்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை. அவளுடைய இங்கிலீஷ் வெள்ளைக்காரர்களே திரும்பிப் பார்க்கிற இங்கிலீஷ். அதனால்தான் அவளைக் குழுவில் சேர்த்தார்கள். அது அவளுக்கும் தெரியும், உள்ளுக்குள் பெருமையும் உண்டு.

"கணக்குப் புள்ளியெல்லாம் அவுகளும் கொண்டாருவாக. நேர்ல பட்டவளே வந்து சொன்னாத்தான் ஏறும்" என்றார் செட்டியார்.

பெரிக் கப்பல் ஏறி பட்டர்வொர்த், அங்கிருந்து பஸ்ஸில் சிம்பாங் அம்பாட், அதற்கப்புறம் மாட்டுவண்டியும் சம்பான் படகுமாக பத்து காவான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தாள் புஷ்பவள்ளி. தொழிலாளிகள் குடியிருந்த லயத்து வாசலில் விறகு உடைத்துக்கொண்டிருந்த நவமணிக்கு இருபத்தாறு வயதுதான் இருக்கும். போன வருஷம் பால்மரக் காட்டில், ரப்பர் பால் வாளி கையில் இருக்கும்போதே வலி எடுத்து, மரத்தடியிலேயே பிள்ளை பெற்றவள். பிள்ளை மூன்றாம் நாள் போய்விட்டது. ஐந்தாம் நாள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஆள் அனுப்பினான்: வேலைக்கு வராவிட்டால் பேரை அடித்துவிடுவேன் என்று. வந்தாள். நான்கு நாள் ரத்தம் வடிய வடிய பாலுக்காக மரம் வெட்டினாள்.

இதையெல்லாம் அவள் அழாமல் சொன்னாள். கோடரியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"தொரைங்க முன்னாடி இத அப்படியே சொல்லுவியா?"

"சொல்லுவேன் டீச்சரம்மா. நடந்ததுதானே."

"பயமா இருக்காதா?"

"இன்னமே எனக்கு என்ன பயம்? நா சொல்றத அவங்களுக்குப் புரியற மாதிரி நீங்க சொல்லிடுவீங்கல்ல?"

"நான் சொல்றேன்" என்றாள் புஷ்பவள்ளி.

விசாரணை எஸ்பிளனேடு மைதானத்துக்கு எதிரில் இருந்த அரசாங்கக் கட்டடத்தில் நடந்தது. நவமணி முதல் நாள் மாலையே வந்து புஷ்பவள்ளி வீட்டில் தங்கியிருந்தாள். இரவல் வாங்கிய பச்சைச் சேலையில் அவள் படியேறி வந்தபோது சங்கத்து ஆட்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று வெள்ளைக்காரர்கள். பக்கவாட்டில் சின்ன மேசையில் சாட்சியங்களை எழுதிக்கொள்ள குமாஸ்தா ஷேக் அலாவுதீன். எதிர்ப்பக்கம் தோட்டக்காரர்களின் வக்கீல், அவர் காலடியில் ஒரு தோல்பெட்டி. சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளரை அந்தந்தத் தரப்பே கொண்டுவரலாம் என்று விட்டிருந்தார்கள். நவமணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் புஷ்பவள்ளி நின்றாள்.

முதல் அரை மணி நேரம் அவ்வளவு நன்றாக நடந்தது. நவமணி ஒரு வாக்கியம் சொல்வாள், புஷ்பவள்ளி அதை இங்கிலீஷில் சொல்வாள். மரத்தடி, வாளி, மூன்றாம் நாள், ஐந்தாம் நாள். குழுத் தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பின் வரிசையில் செட்டியார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் குரல் அந்த அறையில் தெளிவாக ஒலிப்பது புஷ்பவள்ளிக்கே கேட்டது.

அப்புறம் வக்கீல் எழுந்தார். ஒரே கேள்விதான்.

"இறந்துபோன குழந்தையின் தகப்பனுக்கும் உனக்கும் கல்யாணம் ஆகியிருந்ததா?"

புஷ்பவள்ளி அதைத் தமிழில் கேட்டாள். கேட்கும்போதே முகம் சுட்டது. நவமணி யோசிக்கவே இல்லை.

"இல்ல தொர. தாலி கட்டல. அவருக்கு ஊர்ல ஒரு சம்சாரம் இருக்கு. ஏழு வருஷமா எங்களுக்கு ஒரே அடுப்புதான். புள்ள அவரோடதுதான்."

அறையே புஷ்பவள்ளியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று வெள்ளைக்காரர்கள். ஒன்பது சங்கத்து ஆண்கள், வேட்டி கோட்டு தலைப்பாகையோடு. பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர். தமிழ்ப் பெண்களின் மானமே அந்த ஒரு பதிலில் தொங்குகிறது என்று அவளுக்குத் தோன்றியது. இல்லை, அப்படித் தோன்றியதாகப் பின்னால் எண்ணிக்கொண்டாள். அந்த நிமிஷம் ஒன்றும் தோன்றவில்லை. நாக்கு தானாகப் புரண்டது.

"ஆமாம் ஐயா" என்றாள் இங்கிலீஷில். "கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகிறது."

ஷேக் அலாவுதீனின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது.

வக்கீல் குனிந்து தோல்பெட்டியைத் திறந்து தோட்டத்துப் பேர்ப் புத்தகத்தை எடுத்தார். அடையாளம் வைத்திருந்த பக்கத்தை விரித்துத் தலைவர் முன்னால் வைத்தார். நவமணி, தனியாள், கல்யாணம் ஆகாதவள். போன வருஷம் அவளே கைநாட்டு வைத்துப் பதிந்தது. "இந்தச் சட்டம் முறையாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு மட்டும் என்றிருக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை" என்றார் அவர். "அது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். இந்தப் பெண் கனம் குழுவின் முன் துணிந்து பொய் சொல்கிறாள். மற்றது எவ்வளவு பொய்யோ. இதற்கு அவள் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள்."

நவமணி அண்ணாந்து புஷ்பவள்ளியின் முகத்தைப் பார்த்தாள். புத்தகத்தைக் காட்டி என்னவோ பேசுகிறார்களே, என்ன கேட்கிறார்கள் என்ற பார்வை. இப்போதாவது சொல்லியிருக்கலாம். தப்பு என்னுடையது, அவள் இல்லை என்றுதான் சொன்னாள் என்று ஒரே ஒரு வரி போதும். அந்த வரி இங்கிலீஷிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை.

"என்ன டீச்சரம்மா கேக்கறாங்க?"

"ஒண்ணுமில்ல. முடிஞ்சிருச்சு, போகலாம்னு சொல்றாங்க."

நவமணி எழுந்து மூன்று பேரையும் பார்த்துக் கை கூப்பினாள். வக்கீலையும் பார்த்துக் கூப்பினாள். "நல்லா இருங்க தொர. பொறுமையா கேட்டீங்க" என்றாள்.

"சாட்சி என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார் தலைவர்.

"அவளிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை" என்றாள் புஷ்பவள்ளி.

வெளியே வந்ததும் நவமணி தண்ணீர்மலைக்குப் போக வேண்டும் என்றாள். வெள்ளைக்காரர் காது கொடுத்துக் கேட்டுவிட்டார்கள், முருகனுக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல புஷ்பவள்ளிக்கு வாய் வரவில்லை. வெயிலில் படியேறினார்கள். நவமணி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அந்த நடு நாற்காலித் துரைக்குப் பிள்ளைகள் இருக்க வேண்டும், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்றாள். சந்நிதியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றவள் திரும்பிப் புஷ்பவள்ளியின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள்.

"ஒங்க வாய் இல்லன்னா நா ஊமதானே டீச்சரம்மா."

புஷ்பவள்ளி அவளைப் பெரியில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். அன்று அவள் சமைக்கவில்லை.

இரண்டு நாளில் பத்திரிகையில் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் அறையில் யாரோ மேசைமேல் விரித்து வைத்திருந்தார்கள். 'சங்கத்தின் சாட்சி பொய் சொல்லிப் பிடிபட்டாள்' என்று தலைப்பு. பேர், தோட்டம் எல்லாம் போட்டிருந்தது. மொழிபெயர்த்தவர் பற்றி ஒரு சொல் இல்லை. சலேஹா என்ற ஆசிரியை, "யூ பாவம் லா, புஷ்பா. எங்கேயோ போயி இப்படி ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்திட்டியே" என்று தோளைத் தட்டினாள்.

அன்று சாயங்காலமே சங்கத்துக்குப் போய் செட்டியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நின்றுகொண்டே சொன்னாள். அவர் திட்டுவார், அது கொஞ்சம் நன்றாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அவர் திட்டவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்லதுக்குத்தான சொன்னீக. அந்த எடத்துல நானா இருந்தாலும் வேற என்னத்தச் சொல்லியிருப்பேன்? அத்தன பேருக்கு முன்னால அப்புடி ஒரு கேள்வி கேட்டா, பொம்பளப்புள்ள நீங்க என்ன செய்வீக?"

"அவ பொய் சொல்லல செட்டியார்வாள். நான் சொன்னேன். அதக் குழுவுக்கு எழுதிக் குடுத்துடலாம்."

"எழுதிக் குடுத்தா? சங்கத்து ஆளே புளுகிச்சுன்னு ஆகும். நம்ம மத்த சாட்சி ரெண்டும் போகும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து சொன்னதும் போகும். யோசிங்க." குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணு பத்து காவான்ல கெடக்கு. அது பேரு கெட்டா அந்தத் தோட்டத்துக்குள்ளதான் கெடும். ஒங்க பேரும் சங்கத்துப் பேரும் ஊரு பூரா இருக்குல்ல."

கெட்ட மனிதரல்ல அவர். அவள்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அதைக் கேட்டபோது தன் மனசின் ஒரு ஓரம் அப்பாடா என்று மூச்சுவிட்டதை அவள் கவனித்தாள். அந்த மூச்சை நினைத்து வெட்கப்பட்டதைப்போல வேறெதற்கும் அவள் வெட்கப்படவில்லை.

நான்கு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, குமாஸ்தா ஷேக் அலாவுதீன் இருந்த அலுவலகத்துக்குப் போனாள். அவர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"அன்னிக்கி நான் மொழிபெயர்த்தது தப்பு. திருத்தணும்" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும்மா. எனக்கும் தமிழ்தானே. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"தெரிஞ்சும் ஏன் எழுதினீங்க?"

"என் வேலை இங்கிலீஷ்ல என்ன சொன்னாங்களோ அத எழுதறது. எழுந்திரிச்சு நின்னு, இந்த அம்மா வேற சொல்றாங்கன்னு சொன்னா, நாளைக்கு எனக்கு அங்கே மேசை இருக்காது. வீட்டுல ஏழு பேரு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நானும் ஒண்ணும் சுத்தமில்ல. காகிதம் தர்றேன், எழுதிக் குடுங்க. இன்னிக்கே மேல அனுப்பறேன்."

என்ன கேட்கப்பட்டது, சாட்சி என்ன சொன்னாள், தான் என்ன சொன்னேன் என்று மூன்றையும் எழுதினாள். கடைசியில் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஏன் மாத்தினீங்கன்னு ஒரு வரி வேணும்மா. கேப்பாங்க."

புஷ்பவள்ளி 'வெட்கத்தினால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

செட்டியார் சொன்னதுதான் நடந்தது. ஆறு வாரம் கழித்து வந்த அறிக்கையில், சங்கத்தின் மொழிபெயர்ப்பாளர் தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டபடியால் அத்தரப்பு மூலம் வந்த எந்தத் தமிழ்ச் சாட்சியத்தையும் குழு கணக்கில் கொள்ளவில்லை என்று இருந்தது. நவமணியின் மரத்தடியும் வாளியும் ஐந்தாம் நாளும் அதில் எங்கும் இல்லை. சட்டம் வந்தது. ஆனால் 'பெண் தொழிலாளர்' என்று இருந்த இடமெல்லாம் 'முறைப்படி பதிவுசெய்து மணமான பெண் தொழிலாளர்' என்று ஆகியிருந்தது. புஷ்பவள்ளி நிர்வாகக் குழுவிலிருந்து விலகினாள். போகாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

இவ்வளவுக்கும் அவள் பத்து காவானுக்குப் போகவில்லை. அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தவள், சங்கத்தில் சொன்னவள், சொல்ல வேண்டிய ஒருத்தியிடம் மட்டும் சொல்லவில்லை. இந்த வாரம் போகலாம், மழை விடட்டும், பரீட்சை முடியட்டும் என்று மூன்று மாதம் ஓடிவிட்டது. கடைசியில் போனதும் துணிச்சலால் அல்ல. போகாமல் இருப்பதும் தாங்க முடியாமல் ஆனதால் போனாள்.

நவமணி லயத்து வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். வயிறு தெரிந்தது. ஐந்து மாதம் இருக்கும். புஷ்பவள்ளியைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"நா என்ன டீச்சரம்மா பொய் சொன்னேன்?" என்று அவளே ஆரம்பித்தாள். "கிராணி பேப்பர வச்சுக்கிட்டுப் படிச்சுக் காட்டினாரு. தெனம் பேர் கூப்புடுறப்ப, 'பொய்க்காரி நவமணி வந்துட்டாளா'ங்கறாரு. எல்லாரும் சிரிக்குறாங்க. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். எந்த எடத்துல தப்பாச் சொன்னேன்னு தெரியல."

புஷ்பவள்ளி சொன்னாள். அந்தக் கேள்வியை, நவமணி சொன்ன பதிலை, தான் மாற்றியதை, புத்தகத்தை விரித்து அவர்கள் பொய்க்காரி என்றதை, முடிஞ்சிருச்சு போகலாம் என்று தான் சொன்னதை. ஒன்றையும் விடவில்லை.

நவமணி கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நா அவங்களப் பாத்துக் கும்புட்டேனே" என்றாள் மெதுவாக. "அப்ப அவங்க என்னைய ஏசிக்கிட்டு இருந்தாங்களா?"

"ஆமா."

"அதுக்கப்புறம் மலைக்கு வேற கூட்டிக்கிட்டுப் போனீங்க."

அன்று திருநீறு பூசிய நெற்றிக்குப் புஷ்பவள்ளியின் கை போனது.

"நா சொன்னது அவ்வளவு அசிங்கமா டீச்சரம்மா? எனக்கு அந்த எடத்துல வெக்கமே இல்லியே. ஒங்களுக்குத்தானே இருந்திருக்கு."

அப்போது புஷ்பவள்ளி, யாரிடமும் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள். தன் அம்மாவுக்கும் தாலி கிடையாது. அப்பாவுக்கு நாகப்பட்டினத்தில் குடும்பம் இருந்தது. பள்ளிக்கூடத்தில், பக்கத்து வீட்டில், கோயிலில் யார் கேட்டாலும் 'ஊரில் கல்யாணம் ஆயிற்று' என்று சொல்ல அம்மா பழக்கியிருந்தாள். ஐந்து வயதிலிருந்து சொல்லிச் சொல்லி அந்தப் பதில் வாயில் எப்போதும் தயாராக இருக்கும். அன்றும் அதுதான் வந்தது.

நவமணி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் இளகவில்லை.

"பாவந்தான். அதுக்கு நா என்ன செய்யட்டும்? இங்க எல்லாரும் என்னையத்தானே பொய்க்காரின்னு கூப்புடுறாங்க." எழுந்து சேலையை உதறினாள். "பால் நிறுக்கற நேரம். எல்லாரும் வருவாங்க, கிராணியும் இருப்பாரு. எங்கிட்ட சொன்னத அங்க வந்து சொல்லுங்க."

பால் கொட்டும் ஸ்டோர் வாசலில் நாற்பது பெண்களுக்கு மேல் வாளிகளோடு வரிசையில் நின்றார்கள். புளித்த பால் வாடை. தராசுக்குப் பக்கத்தில் கிராணி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். புஷ்பவள்ளி அவர்கள் முன்னால் போய் நின்றாள். வகுப்பில் முப்பது பிள்ளைகளை ஒரே குரலில் அடக்குகிறவளுக்கு, அந்த வாசலில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது மாதிரி வந்தது.

"நவமணி பொய் சொல்லல. பொய் சொன்னது நான். அவ உண்மையத்தான் சொன்னா. நான்தான் இங்கிலீஷ்ல மாத்திச் சொன்னேன்."

"ஏனாம்?" என்றான் கிராணி சிரித்துக்கொண்டே.

"தாலி கட்டலன்னு அவ சொன்னத வெளிய சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு."

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வரிசையில் எத்தனை பேருக்கு அதே கதை என்று புஷ்பவள்ளிக்கு அப்போதுதான் உறைத்தது. நவமணிக்காக மட்டும் வெட்கப்பட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேரையும் சேர்த்து அவமானப்படுத்தியிருக்கிறாள்.

வயதில் மூத்த சின்னம்மா வாளியைக் கீழே வைத்தாள். "அந்தப் புள்ளப்பேறு சட்டம் வந்துருச்சுன்னாங்களே. எங்களுக்கெல்லாம் உண்டுல்ல?"

"பதிஞ்ச கல்யாணமா இருந்தா உண்டு."

"பதிஞ்சதுன்னா? மாரியம்மன் கோயில்ல வச்சுத் தாலி கட்டினாரே."

"ஆபீசுல எழுதின காகிதம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப இல்லம்மா."

ஒவ்வொருத்தியாகக் கேட்டார்கள். ஊரில் கட்டிக்கொண்டு வந்தவள், கப்பலில் வந்த இடத்தில் கட்டிக்கொண்டவள், கங்காணி முன்னால் மாலை மாற்றிக்கொண்டவள். புஷ்பவள்ளி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நாற்பது பேரில் மூன்று பேருக்கு மட்டும் உண்டு என்று சொன்னாள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விலகிப் போனாள்.

நவமணி கடைசியில் வந்தாள். ஒரு கையில் வாளி, ஒரு கை வயிற்றில்.

"எனக்கு?"

"இல்ல நவமணி."

"ம்" என்றாள். வாளியைத் தராசில் வைத்தாள். கிராணி எடையைப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் குனிந்து, "நவமணி" என்று மட்டும் சொல்லி எழுதிக்கொண்டான்.

அவள் வெறும் வாளியை எடுத்துக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தாள். கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பினாள். "சம்பான்காரன் நாலு மணிக்கு மேல நிக்கமாட்டான் டீச்சரம்மா. சீக்கிரம் போங்க" என்றாள். அதில் கோபமும் இல்லை, உறவும் இல்லை. வழி தெரியாத ஆளுக்கு யாரும் சொல்கிற மாதிரி சொன்னாள்.

மார்கழியில் தோட்டத்து டிரஸ்ஸரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. நவமணிக்குப் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம், முதல் நாள் வரை மரம் வெட்டினாள், ஏழாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். புஷ்பவள்ளி அன்றே மேசையில் உட்கார்ந்து அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதத் தொடங்கினாள். சங்கத்தின் பேரில் அல்ல, தன் சொந்தப் பேரில். முதல் பாராவில் நவமணியைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்துப் போட்டாள். அவளைக் கேட்காமல் இனி ஒரு வரி எழுத முடியாது என்று தெரிந்தது. கேட்கப் போக வேண்டும். அந்த லயத்து வாசலில் மறுபடியும் போய் நிற்பதை நினைத்தபோதே முகம் பற்றி எரிந்தது.

சனிக்கிழமை காலை முதல் பெரிக்கு அவள் துறைமுகத்தில் நின்றாள்.